விபத்தில்லா நாட்கள் 8,036

உலகத்திலேயே மிகப் பாதுகாப்பான ஓட்டுநரைப் பார்க்க வேண்டும் என்று யாருக்காவது ஆசை இருந்தால், ஜப்பானுக்கும் ஜெர்மனிக்கும் போய் அலைய வேண்டியதில்லை. போத்தனூர் ரயில் நிலையத்தில் இறங்கி 'அன்புமணி சார் வீடு எது' என்று கேட்டால் போதும். கேட்கப்பட்டவர் முதலில் சாலையை விட்டுக் கீழே இறங்கி ஓரமாக நின்றுகொள்வார். பிறகுதான் வழி சொல்வார். என் பெயருக்கு இந்த ஊரில் அவ்வளவு மரியாதை.

இது வாய்ப்பேச்சு அல்ல, ஆதாரம் உண்டு. எங்கள் வீட்டு ஹாலில் டிவிக்கு மேலே ஒரு கரும்பலகை தொங்குகிறது. 'விபத்தில்லா நாட்கள்' என்பது பெயிண்டில் இருக்கும். அதற்கு எதிரே உள்ள எண்ணை நான் தினமும் பல் துலக்கியதும் சாக்பீஸால் எழுதுவேன். கார் ஓட்டத் தொடங்கி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்த எண் ஒருநாள்கூடக் கீழே இறங்கியதில்லை.

இந்தப் பலகையை நான் கண்டுபிடிக்கவில்லை. நான் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் பம்புசெட் கம்பெனியின் வாசலில் இருப்பதன் நகல்தான் இது. அங்கே பாதுகாப்புக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் அடியேன். போன வருடம் பிரஸ் பிரிவில் ஒருவருக்குச் சுண்டுவிரல் நசுங்கியபோது எல்லோரும் பதறினார்கள். நான் பதறவில்லை, படிவத்தை எடுத்தேன். 'சேதமடைந்த பொருள்' என்ற கட்டத்தில் 'கையுறை – ஒன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். விரலுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. பலகையில் எண் ஏறிக்கொண்டே போனது. ஆண்டு விழாவில் எங்கள் குழுவுக்குக் கேடயம் கொடுத்தார்கள்.

வீட்டிலும் அதே ஒழுங்குதான். 'நிகழ்வுப் பதிவேடு' என்று ஒரு நீளமான நோட்டு வைத்திருக்கிறேன். என் காருக்கும் உலகத்துக்கும் இடையே ஏற்படும் தொடர்புகளை அதில் மூன்று வகையாகப் பிரித்திருக்கிறேன்: உரசல், தொடுதல், தழுவல். விபத்து என்பது நான்காவது வகை. அது காவல் நிலையம் வரை போனால்தான் விபத்து. இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒருவர்கூடப் போகவில்லை.

போகாததற்குக் காரணம் என் திறமை மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். எங்கள் மண்ணின் பண்பாட்டுக்கும் அதில் பங்கு உண்டு. வேறு ஊரில் ஒருவருடைய வண்டியைத் தழுவினால் சட்டையைப் பிடிப்பார்கள், பரம்பரையை விசாரிப்பார்கள். இங்கே அப்படியில்லை. விழுந்தவர் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, 'பரவாயில்லீங்க, கொஞ்சம் பாத்துப் போங்க' என்பார். மேட்டுப்பாளையத்திலிருந்து பல்லடம் வரை எத்தனையோ பேர் என்னை அப்படி வாழ்த்தி அனுப்பியிருக்கிறார்கள். பெரிய மனிதர்களுக்குக்கூட இத்தனை வாழ்த்து கிடைத்திருக்காது.

உக்கடத்தில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கும் அஃபான் என்னைக் கண்டால் செய்கிற வேலையை விட்டுவிட்டு எழுந்து நிற்பார். "சார், நீங்க நூறு வருசம் நல்லா இருக்கோணுங்க" என்பார். அவர் மனதாரச் சொல்கிறார் என்பது முகத்தில் தெரியும். என் காரின் இடது கதவுக்கு மட்டும் அவர் ஐந்து முறை பெயிண்ட் அடித்திருக்கிறார்.

இப்படிப்பட்ட ஒருவரிடம்தான் மகள் கிருபாவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. அது வந்த விதத்தையும் பதிவு செய்துவிடுகிறேன்.

அன்று பலகையில் எண் 7,862. காலையில் என் மனைவி செவ்வந்தியை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் ஒரு எலும்பு மருத்துவமனையில் செவிலியர். மாவு மில் சந்தில் திரும்பும்போது பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி சைக்கிளில் வந்தாள். என் காரின் இடது முனை சைக்கிளைத் தழுவியது. சிறுமி சாக்கடை ஓரமாக உட்கார்ந்தாள். மில்லுக்குள்ளிருந்து, தலையெல்லாம் மாவாக, அவளுடைய அப்பா ஓடிவந்து அவளைத் தூக்கினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பரவாயில்லீங்க சார். கொஞ்சம் பாத்துப் போங்க."

செவ்வந்தி இறங்குவதற்காகக் கதவைத் திறக்கப் போனாள். பின்னால் இரண்டு ஆட்டோக்கள் நின்றன. போக்குவரத்துக்கு இடைஞ்சலாக இருப்பது எனக்குப் பிடிக்காது, வண்டியை எடுத்துவிட்டேன். இரவு சாப்பிடும் முன் பதிவேட்டில் எழுதினேன்: 'தழுவல். சேதமடைந்த பொருள்: சைக்கிள் கூடை – ஒன்று.'

செவ்வந்தி தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, அவளாகவே ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தாள்.

"ஏனுங்க, கிருபாவுக்குப் பதினெட்டு ஆயிப்போச்சு. காரு ஓட்டப் பழக்கோணுங்க."

"டிரைவிங் ஸ்கூல்ல சேத்து உட்டரலாமா?"

"நீங்க இருக்கயில ஸ்கூலு எதுக்குங்க? நீங்கதான் பழக்கோணும். ஆனா ஒண்ணு. அவ லைசன்ஸ் வாங்கற வரைக்கும் நீங்க ஸ்டியரிங்கத் தொடக் கூடாது. எங்க போனாலும் அவதான் ஓட்டோணும். நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுங்க. நடுவுல நீங்க ஓட்டுனா, புள்ளைக்குப் பழக்கம் உட்டுப்போயிரும்."

எத்தனையோ பயிற்சி முகாம்களுக்குப் போயிருக்கிறேன். கற்பித்தலைப் பற்றி இவ்வளவு நுட்பமான கருத்தை எங்கும் கேட்டதில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கூட்டக் குறிப்பில் நான் கையெழுத்துப் போட்டேன். சாவியை நானே கிருபாவின் கையில் கொடுத்தேன். கொடுத்தபோது ஏனோ நெஞ்சில் சின்னதாக ஒரு வலி வந்தது. மகள் வளர்ந்துவிட்டாள் என்ற மகிழ்ச்சியாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

அந்த வாரமே கிருபாவுக்கு எல்.எல்.ஆர். வாங்கினோம். ஆறு மாதம் செல்லும். எங்கள் கம்பெனி பெயிண்ட் பிரிவில் தகரத்தில் ஒரு 'எல்' பலகை செய்து, முன்னும் பின்னும் மாட்டினேன். பம்புக்கு அடிக்கும் முதல்தரப் பெயிண்ட், இருபது வருடம் மங்காது.

முதல் பன்னிரண்டு நாட்கள் வண்டியை நகர்த்தாமலேயே பயிற்சி நடந்தது. நான் இடது இருக்கையில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்துகொள்வேன். கிருபா கல்லூரியிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தாள். கேட்டால் 'ஸ்பெஷல் கிளாஸுங்கப்பா' என்றாள். படிப்பிலும் அக்கறை.

"கண்ணு, காரோட முக்கியமான பாகம் எது?"

"பிரேக்குங்கப்பா."

"தப்பு. ஹாரன். பிரேக்கு நம்மள நிறுத்தும். ஹாரன் மத்தவங்களையெல்லாம் நிறுத்தும். நாம ஒருத்தர் நிக்கறது சிக்கனமா, ஊரே நிக்கறது சிக்கனமா?"

"ஊரு நிக்கலீன்னா என்னங்கப்பா பண்றது?"

இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்டதற்காக இரண்டு மதிப்பெண் குறைத்தேன். தேர்ச்சிக்கு எண்பத்தைந்து வேண்டும். ஞாயிறுதோறும் சாப்பாட்டு மேசையில் ஆய்வுக் கூட்டம் நடக்கும். கிருபாவின் மதிப்பெண் ஐம்பத்தெட்டு, அறுபது, அறுபத்தொன்று என்று ஊர்ந்தது. அவளிடம் அடிப்படையில் ஒரு குறை இருந்தது. எதிரே என்ன இருக்கிறதோ அதைப் பார்த்து ஓட்டினாள், நான் சொல்வதைக் கேட்டு ஓட்டவில்லை.

நான்காவது மாதம் தாராபுரத்தில் செவ்வந்தியின் அண்ணன் வீட்டு விசேஷத்துக்குப் போனோம். பின் இருக்கையில் செவ்வந்தி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்தாள். நான் ஓட்டிய காலத்தில் அவள் காரில் ஒரு நிமிடம்கூடக் கண்ணை மூடியதில்லை. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு என் ஓட்டுத்திறனை ரசித்துக்கொண்டே வருவாள். இப்போது ரசிக்க ஒன்றும் இல்லை, பாவம், தூங்கிவிட்டாள்.

எங்களுக்கு முன்னால் ஒரு டவுன் பஸ் போய்க்கொண்டிருந்தது.

"இப்ப பஸ்ஸ ஓவர்டேக் பண்ணு கண்ணு."

"எதுக்கால லாரி வருதுங்கப்பா."

"எங்க?"

"நேராத்தானுங்கப்பா வருது."

"அது நின்னுட்டு இருக்குது. ஏறு."

"லைட்டப் போட்டுட்டு வருதுங்கப்பா."

"நின்னாலும் லைட்டு எரியும். ஏறு சாமி."

கிருபா ஏறவில்லை. நின்றுகொண்டிருந்த லாரி எங்களைக் கடந்து, காரே ஆடும் வேகத்தில் போனது. 'நின்றிருந்த வாகனம் – தற்காலிக இயக்கம்' என்று அட்டையில் குறித்துக்கொண்டேன். அறிவுரைக்குக் கீழ்ப்படியாததற்கு மூன்று மதிப்பெண் போயிற்று. கொஞ்ச நாளாகவே லாரிகள் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. தூரத்தில் இருக்கும்போது ஒரு மாதிரியும் கிட்டே வந்ததும் ஒரு மாதிரியும் தெரிகின்றன. தயாரிப்புக் குறையாக இருக்கலாம்.

அடுத்த வாரம் அஃபான் போனில் கூப்பிட்டார்.

"சார், உடம்புக்கு ஏதாச்சும் சரியில்லீங்களா?"

"நல்லா இருக்கேனே பாய்."

"நாலு மாசமாக் காணமேன்னு பாத்தனுங்க. இல்ல, வண்டியக் குடுத்துப்போட்டீங்களோன்னு. பசங்களுக்கு வேலையே இல்லீங்க."

தொழிலைத் தாண்டியும் மனிதர்களுக்குள் இப்படி ஒரு பாசம் இருப்பதை நினைத்துக் கண் கலங்கியது.

ஆறாவது மாதம் நெருங்கியது. எல்.எல்.ஆர். முடியப் பத்து நாள்தான் இருந்தது. அதற்குள் கிருபா ஓட்டுநர் தேர்வில் தேறியாக வேண்டும். இல்லாவிட்டால் முதலிலிருந்து எல்லாம் மறுபடி. எனக்குத் தூக்கம் போய்விட்டது. பெயில் ஆனால் போவது அவள் பெயரல்ல, என் இருபத்திரண்டு ஆண்டுப் பெயர். உண்மையைச் சொன்னால் இன்னொரு கவலையும் இருந்தது. அவள் உரிமம் வாங்கும் வரைதான் நான் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. ஆறு மாதமாக என் கை அரித்துக்கொண்டிருந்தது.

"அவ பாஸாயிட்டா சாவி எனக்குத்தான?" என்று செவ்வந்தியிடம் கேட்டேன்.

"அது அப்பறம் பேசிக்கலாமுங்க" என்றாள்.

விசித்திரம் என்னவென்றால், கிருபாவிடம் பதற்றமே இல்லை. தேர்வுக்குத் தேதி எடுக்கச் சொன்னால் 'இப்ப என்னங்கப்பா அவசரம்' என்றாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் காலை நானே முடிவெடுத்தேன். பலகையில் 8,036 என்று எழுதினேன். ஆறு மாத மதிப்பெண் பட்டியல், கூட்டக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கினேன். போக்குவரத்து அலுவலகத்துக்கு நேரில் போய், அதிகாரியிடம் என் பயிற்சி முறையை விளக்கி, கையோடு தேதி வாங்கி வருவது என்று கிருபாவோடு புறப்பட்டேன்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றாள் கிருபா, தெருமுனை தாண்டுவதற்குள்.

"ஓட்டும்போது பேசக் கூடாது."

குளத்துக்கரை வந்ததும் மறுபடி, "அப்பா, அந்த லைசன்ஸ் விசயமா..." என்றாள்.

"ரோட்டப் பாரு கண்ணு. ரெண்டு மார்க் போச்சு."

உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு அருகே வாகனச் சோதனை. ஒரு போக்குவரத்துக் காவலர் கை காட்டினார். கிருபா ஓரமாக நிறுத்தினாள். காவலர் காரைவிட 'எல்' பலகையைத்தான் அதிசயமாகப் பார்த்தார். கிருபா பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினாள்.

நான் கோப்போடு இறங்கி, "சார், இவ எம்பட மக. என்னோட நேரடி மேற்பார்வையிலதான் பழகறா. இதுவரைக்கும் அறுபத்தொரு மார்க்" என்று பட்டியலை விரித்தேன்.

காவலர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், இது எல்.எல்.ஆர். இல்லீங்களே. பாப்பா லைசன்ஸே எடுத்து நாலு மாசம் ஆச்சுங்க. எதுக்கு இன்னும் எல் போர்டு? கழட்டிருங்க."

ஏதோ எழுத்துப் பிழை என்றேன். பழகுபவரின் அருகில் தகுதியுள்ள ஓட்டுநர் இருக்க வேண்டும் என்பதுதானே சட்டம், அந்தத் தகுதியுள்ளவன் நான்தான் என்று, அவர் கேட்காமலேயே என் உரிமத்தையும் எடுத்துக் கொடுத்தேன். அதை அவர் இன்னும் அதிக நேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏனுங்க சார், தப்பா நெனைக்காதீங்க. இது முடிஞ்சு ரெண்டு வருசம் ஆகுதுங்க. இனி கண்ணு டெஸ்ட்டு, எல்.எல்.ஆர்., எல்லாம் மொதல்ல இருந்து போடோணுமுங்க. நல்ல வேளை, பாப்பா ஓட்டுது." உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அந்தப் போர்டக் கழட்டுனாலும் வீசிப்போடாதீங்க. உங்களுக்கு ஆகும்" என்றார்.

அவர் கேலியாகச் சொல்லவில்லை. உதவும் எண்ணத்தோடுதான் சொன்னார்.

காருக்குள் வந்து உட்கார்ந்தேன். கோப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஸ்பெஷல் கிளாஸுங்கிறது..."

"டிரைவிங் ஸ்கூலுங்கப்பா. அம்மாதான் பணம் கட்டுனாங்க."

"அப்ப நாலு மாசமா எங்கிட்ட எதுக்குப் பழகுன?"

கிருபா கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, வண்டியை மெல்லச் சாலையில் சேர்த்தாள். பிறகுதான் பதில் சொன்னாள்.

"நான் பழகுனாத்தானுங்கப்பா நீங்க அந்த சீட்ல உக்காருவீங்க."

எனக்கு ஆத்திரம் வந்தது. வெட்கமும் வந்தது. எது முதலில் வந்தது என்று இப்போதும் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போனதும் அவசரக் கூட்டம் கூட்டினேன். அஜெண்டா எழுத நேரமில்லை.

"இருபத்திரண்டு வருச சர்வீசு எனக்கு. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல?" என்றேன் செவ்வந்தியிடம்.

வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தவள் பையைக் கீழே வைத்தாள்.

"சொன்னனுங்களே. கலியாணம் ஆனதுல இருந்து சொன்னேன். ஊரே சொல்லுச்சு. பாத்துப் போங்க, பாத்துப் போங்கன்னு. இதுக்கு மேல எப்பிடிங்க சொல்றது?"

"அது மரியாதைக்குச் சொல்றது."

"ஆமாங்க. மரியாதையாத்தான் சொன்னோம்."

அப்புறம் அவள் குரல் மாறியது. இருபது வருடத்தில் அவள் 'ங்க' இல்லாமல் என்னிடம் பேசியதே இல்லை. அன்றும் விடவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"அந்த மாவு மில்லுக்காரரு புள்ள, அன்னிக்கு மத்தியானம் எங்க ஆஸ்பத்திரிக்குத்தானுங்க வந்துச்சு. வலது கையி ரெண்டு எடத்துல முறிஞ்சு போயிருந்துச்சு. நாந்தான் புடிச்சுக் கட்டுப் போட்டேன். யாரு இடிச்சதுன்னு டாக்டர் கேட்டாரு. அவங்கப்பா என்ர மூஞ்சியப் பாத்தாரு. அடையாளம் தெரிஞ்சிருச்சு. 'யாரோ பெரியவருங்க, தெரியாமப் பட்டிருச்சு'ன்னு சொல்லிப்போட்டாரு. அந்தப் புள்ள வருசப் பரீச்சை எழுதலீங்க. அடுத்த வருசமும் அதே கிளாஸ்தான்."

கிருபா சாவியை மேசைமேல் வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

செவ்வந்தி போன பிறகு பதிவேட்டை எடுத்தேன். 7,862ஆம் நாள். 'சைக்கிள் கூடை – ஒன்று.' திருத்துவதற்காகப் பேனாவைத் திறந்தேன். எங்கே எழுதுவது என்று தெரியவில்லை. நானே கோடு போட்டுத் தயாரித்த படிவம்தான். அதில் கைக்குக் கட்டம் இல்லை. பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினேன். பால்காரரின் கேன், காய்கறி வண்டியின் சக்கரம், யாரோ ஒருவருடைய கண்ணாடி. அந்தப் பொருட்களோடு வந்த ஆட்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அன்று இரவு சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை பல் துலக்கிவிட்டு, பழக்க தோஷத்தில், 8,037 எழுதச் சாக்பீஸோடு பலகைக்குப் போனேன். அங்கே ஏற்கெனவே ஓர் எண் எழுதியிருந்தது. கிருபாவின் கையெழுத்து.

விபத்தில்லா நாட்கள்: 175.

இருபத்திரண்டு ஆண்டுகளாக மற்றவர்களின் கணக்கைச் சரிபார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். 8,037-இலிருந்து 7,862-ஐக் கழித்தேன். இரண்டாவது முறையும் கழித்துப் பார்த்தேன். எண்ணில் பிழை இல்லை. ஆனாலும் ஒரு குடும்பத் தலைவனின் சாதனையை இப்படி ஒரே இரவில் துடைத்துவிட முடியுமா? டஸ்டரை எடுத்துக் கையை ஓங்கினேன்.

காலேஜுக்குக் கிளம்பி, சாவியோடு வாசலில் நின்ற கிருபா திரும்பிப் பார்த்தாள். கோபமே இல்லாமல், எங்கள் ஊர் வழக்கப்படி மிகவும் பணிவாக, "கொஞ்சம் பாத்துங்கப்பா" என்றாள்.

டஸ்டரைக் கீழே வைத்துவிட்டேன்.